ஐடில்ல இருந்து மறுபடி முழு வேகம் போனா பிளேடு உரசுது, மாடல்ல உரசல் இல்லை

கேள்வி (பாளையங்கோட்டை): கேஸ் டர்பைன் கம்ப்ரசர் கடைசி ஸ்டேஜ் டிஸ்க் (பிளேடுகளைத் தாங்கிச் சுத்துற தட்டு), இன்கோனல் 718 (நிக்கல் கலப்பு உலோகம்). ரிம் (வெளி விளிம்பு) ஆரம் 250 மி.மீ., ஹப் (நடுப்பகுதி) தடிமன் 60 மி.மீ., 12,000 ஆர்பிஎம், அழுத்த விகிதம் 20. நல்லாச் சூடேறின பிறகு 150 நொடி ஐடில் (சுமையில்லாத குறைஞ்ச வேகம்), உடனே முழு வேகம். பிளேடு நுனிக்கும் கேசிங்குக்கும் (வெளிக்கூடு) நடுவுல 0.2 மி.மீ. இடைவெளி மிஞ்சும்னு கம்ப்யூட்டர் மாடல் சொல்லுது. சோதனை ரிக்கைப் பிரிச்சா கேசிங் பூச்சுல சுற்றிலும் 0.05 மி.மீ. தடம். டிஸ்க் குழிக்குள்ள (ரெண்டு டிஸ்குக்கு நடுவுல உள்ள காற்று இடம்) வெப்பப் பரிமாற்றக் கெழு எல்லா நேரத்துக்கும் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 300 வாட் கொடுத்திருக்கேன். எங்க தப்பு?

பதில் (வள்ளியூர்): பிளேடு நுனி எல்லாமே தேஞ்சிருக்கா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம்னா அது ரோட்டார் வளைவு, வேற விஷயம்.

கேள்வி கேட்டவர்: எல்லா நுனியும் ஒரே மாதிரி, அண்ணாச்சி.

பதில் (வள்ளியூர்): அப்போ அந்த 300தான் தப்பு. வேகமெடுக்கும்போது ரிம் சூடு, ஹப் குளிர்ச்சி. அந்த ஆரத்துல மையவிலக்கு ஏறத்தாழ 40,000 ஜி (புவியீர்ப்பைப் போல 40,000 மடங்கு), அதனால வெளிப்பக்கம்தான் 'கீழ்', உள்பக்கம் 'மேல்'. சூடான காற்று உள்பக்கமா ஏறி குழி முழுக்கக் கலங்கும். ஐடில்ல ரிம் முதல்ல ஆறிரும், ஹப் சூடாவே நிக்கும். வெயில் காஞ்ச குளத்துல மேல்தண்ணி வெதுவெதுன்னு, அடித்தண்ணி ஜில்லுன்னு கலக்காம கிடக்குமே, அதே கதைதான். கெழு 50 பக்கம் இறங்கிரும்.

ஹப் ஆறுற நேர அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்க: அடர்த்தி × வெப்ப ஏற்புத்திறன் × பாதித் தடிமன் ÷ கெழு, அதாவது 8200 × 500 × 0.03 ÷ 300 = 410 நொடி. 50 போட்டா 2460 நொடி. ஹப்புக்கும் காற்றுக்கும் 300 டிகிரி வித்தியாசம்னா, 150 நொடிக்குள்ள உங்க மாடல் ஹப்பை 92 டிகிரி ஆற வைக்குது, நிஜத்துல 18தான். மிச்சம் 74 டிகிரிக்கு டிஸ்க் கூடுதலா விரிஞ்சு நிக்கிறது ஆரம் × விரிவுக் கெழு × டிகிரி, 250 × 0.000014 × 74 = 0.26 மி.மீ. குத்துமதிப்புதான், ஆனா உங்க 0.2 அதுல போயிருது. 5 மி.மீ. தடிமன் கேசிங்கோ 20 நொடி அளவுல சுருங்கிரும்.

வெப்பம் எந்தப் பக்கம் ஓடுதோ அதுக்கேத்த மாதிரி கெழுவை மாத்துங்க. அதுக்கு முன்னாடி ஹப், வெப் (நடுவுல உள்ள மெல்லிய பகுதி), ரிம் மூணுலயும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்குற கம்பி) வச்சு அளந்திருங்க.

பதில் (அம்பாசமுத்திரம்): குளிர்ந்திருக்கும்போது உள்ள நுனி இடைவெளியைக் கூட்டித் தப்பிக்காதீங்க, சர்ஜ் மார்ஜின் (காற்று பின்னோக்கித் தள்ளாம இருக்குற பாதுகாப்பு அளவு) போயிரும். நடு ஸ்டேஜ் காற்றை ஹப் துளை வழியா விடுங்க: ஏறும்போது ஹப்பைச் சூடாக்கும், இறங்கும்போது ஆத்தும். ரொம்பக் குளிர்ந்த காற்று மட்டும் வேண்டாம். ரிம் சூடு, ஹப் குளிர்னா துளை ஓரத்துல இழுவிசை ஏறி விரிசல் அங்கதான் பிறக்கும்.

இன்னொண்ணு, மாடல்ல நுழையுற காற்று 15 டிகிரியா? நம்ம ஊர் சித்திரை வெயில் 40 டிகிரி. அதே அழுத்த விகிதத்துக்கு, 90 சதவீத பாலிட்ரோபிக் (சின்னச் சின்னப் படியாக் கணக்கிடுற) திறன்ல, வெளியேறுற காற்று 473 டிகிரியில இருந்து 537க்குப் போயிரும்.

கேள்வி கேட்டவர்: 15தான் போட்டிருக்கேன். ரெண்டையும் மாத்தி ஓட்டுறேன்.