பெரிய வீடு குழு: செந்திலுக்கு என்ன வண்டி?

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். வடகாடு மலை ஏற்றத்தில் என் முக்கால் டன் சரக்கு வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் தகடு போயிடுச்சு. இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணுமாம்.

செந்தில்: மேலே பாச்சலூரில் சௌசௌ மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். வேறு வண்டி பேசி ஒட்டன்சத்திரம் அனுப்பியாச்சு. இன்றைக்கு வாடகை போச்சு.

சாந்தி அத்தை: உனக்கு ஒன்றும் இல்லையே சாமி

செந்தில்: நல்லா இருக்கேன் அத்தை

தினேஷ்: ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தியா?

செந்தில்: பார்த்தேன் அண்ணா

தினேஷ்: எப்போ, ஆடிப் பதினெட்டுக்கா?

கவிதா: 😂

பாலு மாமா: ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பாத்திரம் எதில் போகும்?

சாந்தி அத்தை: அவனே நடுரோட்டில் நிற்கிறான். இவருக்குப் பாத்திரம்.

செந்தில்: செலவு செய்து இதையே ஓட்டுவதா, புதிதாக எடுப்பதா என்று குழப்பமாக இருக்கு. ஃபைனான்ஸ்காரர் நாளைக்குக் காலையில் வருகிறேன் என்கிறார். அதற்குள் சொல்லுங்க.

ராசு சித்தப்பா: செந்தில், பதறாதே. அடிப்படையிலிருந்து சொல்கிறேன். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது இரண்டே சிலிண்டர், 700 சிசி சொச்சம், 16 குதிரைத்திறன். பாரம் முக்கால் டன். அதுவரை நம் ஊரில் சின்னச் சரக்கு என்றால் மூன்று சக்கர வண்டி, பெரிய சரக்கு என்றால் லாரி. நடுவில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் புகுந்ததால்தான் குட்டி யானை என்று பேர் வாங்கியது. டெப்போவில் நாங்கள் பஸ் இன்ஜினைப் பார்த்துப் பழகியவர்கள். அதை முதல்முறை திறந்து பார்த்தபோது

தினேஷ்: சித்தப்பா, அவன் கேட்டது செலவு செய்வதா, புதுசா என்றுதான்

ராசு சித்தப்பா: வருகிறேன் இரு. அவசரப்பட்டால் தப்பான வண்டியைத்தான் எடுப்பான்.

மணி பெரியப்பா: 🎤 குரல் பதிவு 2:14

சாந்தி அத்தை: அண்ணா, சேவல் கூவுவது மட்டும்தான் கேட்குது

மணி பெரியப்பா: தவணை யார் கட்டுவது என்று கேட்டேன்.

செந்தில்: நான்தான் பெரியப்பா. முன்பணத்துக்குத்தான் கொஞ்சம் பார்க்கணும்.

(யாரும் எதுவும் எழுதவில்லை. பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.)

பாலு மாமா: கிடாய் ஒன்று போதுமா, இரண்டா?

ராசு சித்தப்பா: இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வேலைக்கு நாலு வண்டிதான் பொருந்தும்.
ஏஸ்: சந்தில் திரும்பும், 4.3 மீட்டர் ஆரம் போதும். ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குள் அதுதான் ராஜா. ஏஸ் ப்ரோ பெட்ரோல் 2025 ஜூனில் 3.99 லட்சத்துக்கு வந்தது. அதுவும் 750 கிலோதான்.
மாருதி சூப்பர் கேரி: 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர். காரில் போகிற மாதிரி இருக்கும். டீசலை 2020இல் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு நிறுத்திவிட்டார்கள். பாரம் முக்கால் டன்னுக்குள்.
டாடா இன்ட்ரா வி30: ஒன்றரை லிட்டர் டீசல், நாலு சிலிண்டர், 1,300 கிலோ.
தோஸ்த்: ஓசூர் வண்டி. 2011இல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து கொண்டு வந்தது, அப்புறம் பிரிந்துவிட்டார்கள். ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர். முதலில் ஒன்றேகால் டன், இப்போது ஒன்றரை வரைக்கும் மாடல் இருக்கு.
இதற்கு மேலே போனால் மஹிந்திரா பொலிரோ பிக்கப், இரண்டரை லிட்டர்.

தினேஷ்: நாலு என்று சொல்லி ஐந்து சொல்லிவிட்டீர்கள்

ராசு சித்தப்பா: பொலிரோ உனக்கு வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். அதில் 1.7 டன் மாடல், வண்டி எடையும் பாரமும் சேர்த்து 3,000 கிலோவைத் தாண்டும். தாண்டினால் பெர்மிட் எடுக்கணும். அதற்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே வேண்டாம்.

செந்தில்: எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று?

ராசு சித்தப்பா: அது எல்லாவற்றுக்கும் உண்டு. எட்டு வருடம் வரைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருடா வருடம்.

நித்யா: அப்பா, ஏஸ் எலக்ட்ரிக் 2022லேயே வந்துவிட்டது. அதையும் சொல்லுங்க.

ராசு சித்தப்பா: பாச்சலூரில் கரண்ட் போனால் உன் அண்ணன் அங்கேயே படுத்துக்கொள்வானா?

நித்யா: இறக்கத்தில் வரும்போது சார்ஜ் ஏறும்பா. பாரத்தோடு இறங்கினால் இன்னும் நல்லாவே ஏறும்.

ராசு சித்தப்பா: படிக்கிற வேலையைப் பார்.

தினேஷ்: கோயம்புத்தூர் காலேஜுக்குக் கட்டின ஃபீஸ் வீண் போகவில்லை 👏

ராசு சித்தப்பா: மலை ஏற்றத்துக்கு இழுவைதான் முக்கியம். சிலிண்டர் குறைந்தால் முதல் கியர், இரண்டாம் கியர் என்றே உறுமிக்கொண்டு போகணும். கிளட்ச் பிளேட் தேயும், தண்ணீர் கொதிக்கும். கொதித்தால் ஹெட் கேஸ்கட் போகும். செந்திலுக்கு இன்று நடந்தது அதுதான். ஆகவே ஒன்றரை லிட்டருக்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்பது என் முடிவு. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். சிஎன்ஜி என்றால் கேஸ் சிலிண்டர் எடையும் நம் தலையில், மலையில் பங்க்கும் கிடையாது.

கவிதா: சின்ன மாமா, ஒரு சந்தேகம். காய் மேலே இருந்து கீழே வருது. பாரம் இறக்கத்தில்தானே? ஏறும்போது வண்டி காலியாகத்தானே போகணும்?

நித்யா: அதைத்தான் அண்ணி நானும் சொன்னேன்

தினேஷ்: ஆமாம்ல?

மணி பெரியப்பா: அப்போ இன்றைக்கு ஏறும்போது என்ன பாரம்?

செந்தில்: கொஞ்சம் சாமான் பெரியப்பா

கவிதா: யூரியா. 22 மூட்டை. மூட்டைக்கு 45 கிலோ.

தினேஷ்: 990 கிலோ. முக்கால் டன் வண்டியில். 😳

மணி பெரியப்பா: யாருடைய யூரியா?

பாலு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ்: மாமா, படித்துவிட்டேன்

சாந்தி அத்தை: எந்தக் கடை மூட்டை என்று எல்லாருக்கும் தெரியும். வாடகை கொடுக்கிறாரா என்று கேளுங்க.

பாலு மாமா: காலியாகப் போகிற வண்டிதானே, சொந்தத்துக்குள் என்ன வாடகை

கவிதா: காலியாகப் போயிருந்தால் இன்றைக்கு நின்றிருக்காது

செந்தில்: விடு கவிதா

ராசு சித்தப்பா: கவிதா சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இறக்கத்தில் பாரம் என்றால் பிரேக்தான் முதல் கவனம். எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஏறுகிற கியரிலேயே இறங்கணும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவன் பிரேக்கைக் கரியாக்கிவிடுவான். பரப்பலாறு டேம் பக்கம் வரும்போதே தீய்ந்த வாடை வந்தால் வண்டியை ஓரம்கட்டி ஆறவிடணும், தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்த வகையில் பார்த்தாலும் தோஸ்த், இன்ட்ரா இரண்டும்தான். ஒரு டன் காய் ஏற்றினாலும் கணக்குக்குள் நிற்கும். சின்ன வண்டியில் அதே ஒரு டன் என்றால் ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து டயர் பாடியில் உரசும்.

செந்தில்: தோஸ்தா, இன்ட்ராவா சித்தப்பா?

தினேஷ்: திருப்பூரில் என் சிநேகிதன் ஒரு பிக்கப் வைத்திருக்கிறான். ஒரே ஒரு சென்சார். வாரக்கணக்கில் சர்வீஸ் சென்டரிலேயே கிடந்தது. கம்பெனி

சாந்தி அத்தை: பேரைச் சொல்லாதே. மாமாவின் தங்கை மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

தினேஷ்: சொல்லவில்லை. ஆனால் அதை எடுக்காதே செந்தில்.

செந்தில்: பேரே சொல்லாமல் எதை எடுக்காமல் இருப்பது?

தினேஷ்: தனியாகப் போன் பண்ணுகிறேன்

ராசு சித்தப்பா: சென்சார் எல்லாக் கம்பெனியிலும்தான் போகும். பிஎஸ்6 வந்ததிலிருந்து சாதா மெக்கானிக் கோளாறு பார்க்கிற ஸ்கேனர் இல்லாமல் கை வைக்க முடியாது. டீசல் வண்டியில் புகையைச் சுத்தம் பண்ணுகிற அமைப்பு வேறு இருக்கு. மார்க்கெட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் குட்டி ஓட்டம் ஓட்டினால் சூடேறாமல் கரி அடையும். செந்தில் மலை ஓட்டுவதால் அந்தத் தொல்லை குறைவு. அவன் பார்க்க வேண்டியது வேறு. பழனி ரோட்டில் எந்த வண்டிக்கு ஸ்கேனரும் ஆளும் இருக்கு? ராத்திரி எட்டு மணிக்கு நின்றால் விடியற்காலை ஏலத்துக்குள் எழுப்பிவிடுகிற ஆள் யார்? இரும்புக்கம்பி ஏற்றுகிறவன் இரண்டு நாள் காத்திருக்கலாம். பீன்ஸ் காத்திருக்காது. மைலேஜ் விசாரிக்கிற நேரத்தில் மார்க்கெட் வாசலில் நிற்கிற டிரைவர்களிடம் இதை விசாரி.

செந்தில்: சரிங்க சித்தப்பா. தோஸ்துக்கு நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். இன்ட்ராவுக்கு விசாரிக்கிறேன்.

மணி பெரியப்பா: விலை?

செந்தில்: ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆகிவிட்டது, 2025 செப்டம்பர் 22 முதல். அதனால் கொஞ்சம் குறைந்திருக்கு. கொட்டேஷன் வாங்கணும்.

சாந்தி அத்தை: என் சீட்டு அடுத்த மாதம் விழும். முன்பணத்துக்குக் கொடுக்கிறேன்.

பாலு மாமா: அதைக் கடைக்குச் சரக்கு எடுக்க என்று பேசினோமே

சாந்தி அத்தை: நீங்க பேசினீங்க

மணி பெரியப்பா: தங்கச்சி பணம் வேண்டாம். நான் பார்க்கிறேன்.

சாந்தி அத்தை: அப்பா லாரியை விற்றபோதும் இப்படித்தான் "நான் பார்க்கிறேன்" என்றீர்கள் அண்ணா. இன்றுவரை பார்த்துக்கொண்டே இருக்கீங்க.

மணி பெரியப்பா: 🎤 குரல் பதிவு 4:51

தினேஷ்: யாராவது கேட்டுச் சொல்லுங்க, நான் கம்பெனியில் இருக்கேன்

நித்யா: பெரியப்பா லாரி விற்ற கணக்குச் சொல்கிறார். டயர் விலையிலிருந்து தொடங்குகிறார்.

ராசு சித்தப்பா: அண்ணா, அதைக் கோயிலில் நேரில் பேசிக்கொள்வோம்.

பாலு மாமா: புது வண்டி ஞாயிறுக்குள் வந்துவிட்டால் எல்லாரும் பின்னாலேயே உட்கார்ந்து போயிடலாம். வேன் வாடகை மிச்சம்.

ராசு சித்தப்பா: கூடாது மாப்பிள்ளை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். கோர்ட்டுக்குப் போனாலும் நிற்பது கஷ்டம்.

தினேஷ்: போன வருடம் பாத்திரத்துக்கு நடுவில் நீங்களும்தானே உட்கார்ந்து வந்தீர்கள் சித்தப்பா. அண்டாவுக்குள் காலை நீட்டிக்கொண்டு.

கவிதா: போட்டோ என்னிடம் இருக்கு

ராசு சித்தப்பா: அது வேறு விஷயம். எனக்கு முட்டி வலி.

செந்தில்: நான் இல்லாத நாளில் வண்டியைத் தினேஷ் அண்ணா எடுத்தால் லைசென்ஸ் பிரச்சினை வருமா? அண்ணாவிடம் கார் லைசென்ஸ்தான்.

ராசு சித்தப்பா: வராது. 7,500 கிலோவுக்குள் என்றால் எல்எம்வி என்கிற இலகு ரக வண்டி லைசென்ஸ் போதும். சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து 2024 நவம்பரில் சொல்லிவிட்டார்கள்.

தினேஷ்: நான் எதற்கு எடுக்கிறேன்? திருப்பூரிலிருந்து வந்து சௌசௌ ஏற்றவா?

கவிதா: போன பொங்கலுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவை இடித்தது யார்?

தினேஷ்: சிக்னல் வீக்

நித்யா: 😂😂

மணி பெரியப்பா: எந்த வண்டியானாலும் எடுங்கள். ஒரே கண்டிஷன். மேலே போகும்போது காலியாகப் போகணும்.

பாலு மாமா: பத்து மூட்டை கூடவா?

மணி பெரியப்பா: வாடகை கொடுத்தால் பத்து.

சாந்தி அத்தை: அப்படிச் சொல்லுங்க அண்ணா 👍

செந்தில்: அப்போ நாளைக்கு இரண்டு ஷோரூமிலும் கொட்டேஷன் வாங்கிவிடுகிறேன். சித்தப்பா கூட வருகிறீர்களா?

ராசு சித்தப்பா: வருகிறேன். டெஸ்ட் டிரைவ் காலி வண்டியில் கேட்காதே. மூட்டை ஏற்றி, விருப்பாச்சி மேடாவது ஏற்றிக் காட்டச் சொல். ரிவர்ஸில் ஏறுகிறதா என்றும் பார்க்கணும். அப்புறம் இன்னொன்று, ஸ்டெப்னி எங்கே மாட்டியிருக்கிறான் என்று

தினேஷ்: பழைய வண்டியை என்ன பண்ணுவதாக இருக்கே?

செந்தில்: எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்கணும். இல்லை, கேஸ்கட் மாற்றி லோக்கல் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசனை.

கவிதா: இரண்டு வண்டியா?

செந்தில்: யோசனைதான்

பாலு மாமா: கிடாய்க்காரர் போன் பண்ணிக்கொண்டே இருக்கார். ஒன்றா இரண்டா?

மணி பெரியப்பா: எத்தனை பேர் வருகிறார்கள்?

சாந்தி அத்தை: பட்டிவீரன்பட்டிக்காரர்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?

தினேஷ்: அவர்களைக் கூப்பிட்டாச்சா??

சாந்தி அத்தை: அண்ணன்தான் கூப்பிடுகிறேன் என்றார்

மணி பெரியப்பா: ராசுவிடம் சொன்னேனே

ராசு சித்தப்பா: என்னிடமா?