பிஆர்ஐ வழியே மொபைல் அழைப்பு போகவில்லை, டிஐடி-யில் இரண்டாவது டயல் டோன்: எங்கிருந்து சோதிப்பது?

பிணையன் (கேள்வி)

வணக்கம். சென்னை அலுவலகத்தில் சிஸ்கோ 2911 ரவுட்டர், அதிலேயே கால் மேனேஜர் எக்ஸ்பிரஸ் (ரவுட்டருக்குள் ஓடும் அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்), ஒரு இ1 பிஆர்ஐ (தொலைபேசி நிறுவனத்தின் டிஜிட்டல் லைன்). கோவைக் கிளையிலும் இதே அமைப்பு. நடுவே எம்பிஎல்எஸ் (கிளைகளை இணைக்கும் நெட்வொர்க்), அதன் மேல் சிப் (ஐபி வழி அழைப்புக்கான நெறிமுறை). சென்னை எக்ஸ்டென்ஷன்கள் 3-இல் தொடங்கும், கோவை 4-இல். எல்லாமே நான்கு இலக்கம். வெளியே போக 9. டயல்-பியர்கள் (எந்த எண் எந்த வழியே போகும் என்ற விதிகள்; பாட்ஸ் என்றால் தொலைபேசி லைன், வாய்ப் என்றால் ஐபி; புள்ளி என்றால் ஏதேனும் ஒரு இலக்கம்) இவை:

டயல்-பியர் 10, பாட்ஸ்: 90[6-9]......... போர்ட் 0/0/0:15
டயல்-பியர் 20, பாட்ஸ்: 9[2-7]....... போர்ட் 0/0/0:15
டயல்-பியர் 40, வாய்ப்: 4... கோவை ரவுட்டர் ஐபி
டயல்-பியர் 41, பாட்ஸ்: 4... பிரிஃபரன்ஸ் 1, போர்ட் 0/0/0:15, பிரிஃபிக்ஸ் 0422 + கோவை டிஐடி-யின் (எக்ஸ்டென்ஷனுக்கு நேரடியாக வரும் வெளி எண்) முதல் மூன்று இலக்கம்

உள்ளூர் லேண்ட்லைன் நன்றாகப் போகிறது. மொபைலுக்கு 9, 0 போட்டு டயல் செய்தாலும் "எண்ணுக்கு முன் பூஜ்யம் சேர்க்கவும்" என்ற அறிவிப்புதான் வருகிறது. வெளியிலிருந்து டிஐடி-க்கு அழைப்பவருக்கு ரிங் வருவதில்லை, டயல் டோன்தான் கேட்கிறது. அங்கே எக்ஸ்டென்ஷனை அழுத்தினால் மணி அடிக்கிறது. எம்பிஎல்எஸ் விழுந்தால் கோவை எண்ணுக்கு அரை நிமிடம் சத்தமே இல்லை, பிறகு தவறான எண் என்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கம்பிவடம்

எதையும் மாற்றுவதற்கு முன், ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு விஷயத்தைப் பாருங்க: உள்ளே வந்த பக்கமும் வெளியே போன பக்கமும் எந்தெந்தப் பியரில் விழுந்தன, ரவுட்டரை விட்டு எத்தனை இலக்கம் வெளியேறியது. உங்க மூன்று சிக்கலுக்கும் விடை இதில்தான் இருக்கு.

முதலில் "நோ லாகிங் கன்சோல்", பிறகு "லாகிங் பஃபர்ட் 5000000 டீபக்கிங்". டீபக்கை (ரவுட்டர் செய்வதை வரிவரியாகக் காட்டும் பதிவு) 9600 பாட் கன்சோலில் ஓடவிட்டால் ரவுட்டரே திணறும். அடுத்து "டீபக் வாய்ப் சிசிஏபிஐ இன்அவுட்", "டீபக் ஐஎஸ்டிஎன் க்யூ931" இரண்டையும் போட்டு ஒரே ஒரு அழைப்பு செய்யுங்க. முதலாவதில் இன்கமிங் டயல்-பியர், அவுட்கோயிங் டயல்-பியர் என்று எண்ணோடு வரும். இரண்டாவதில் அழைப்பைத் தொடங்கும் செட்அப் செய்திக்குள் கால்டு பார்ட்டி நம்பர் (அழைக்கப்படும் எண்) வரும்.

மொபைல் அழைப்பில் அந்த இடத்தில் 10 இலக்கம்தான் இருக்கும். பாட்ஸ் பியர், பேட்டர்னில் நேரடியாக எழுதிய இடப்பக்க இலக்கங்களை வெட்டிவிட்டுத்தான் அனுப்பும். பியர் 20-இல் 9 மட்டும் போகிறது, அது சரி. பியர் 10-இல் 9-உடன் 0-வும் போய்விடுகிறது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 கட்டாயம் என்பதால் எக்ஸ்சேஞ்ச் அதைக் கேட்கிறது. பியர் 10-இல் "பிரிஃபிக்ஸ் 0" போடுங்க. "ஃபார்வர்ட்-டிஜிட்ஸ் 11" போட்டாலும் ஆகும்.

பியர் 41-க்கும் இதே நோய். வாய்ப் பியர் இலக்கத்தை வெட்டாது. அதனால் கோவை எக்ஸ்டென்ஷன் 4012 என்று வைத்தால், 40 வழியே அது முழுசாகப் போகும். 41-இல் 4 வெட்டுப்பட்டு 012 மட்டும் மிஞ்சும், பிரிஃபிக்ஸ் சேர்ந்தும் மொத்தம் 10 இலக்கம்தான். அங்கே "நோ டிஜிட்-ஸ்ட்ரிப்" வேண்டும். "ஷோ டயல்பிளான் நம்பர் 4012" அடித்தால் 40, 41 இரண்டும் முயலும் வரிசையிலேயே வரும். வெளியே போகும் பக்கத்தை அழைப்பே செய்யாமல் சரிபார்க்க இது போதும். உள்ளே வரும் பக்கத்தை இந்தக் கட்டளை சொல்லாது.

சிக்னல்மேடு

டிஐடி பற்றி. டயல் டோன் என்றதும் பலர் டயல்-பியர் 0 (எந்தப் பியரும் பொருந்தாதபோது ரவுட்டர் எடுத்துக்கொள்வது) என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கே அப்படி இருக்காது. பாட்ஸில் உள்வரும் அழைப்புக்குப் பொருத்தம் தேடும் வரிசை: இன்கமிங் கால்டு-நம்பர், ஆன்சர்-அட்ரஸ், அழைப்பவர் எண்ணோடு ஒத்துப்போகும் டெஸ்டினேஷன்-பேட்டர்ன், கடைசியாக போர்ட். உங்க வெளிச்செல்லும் பியர்களிலேயே 0/0/0:15 இருப்பதால் அவற்றில் ஒன்றில்தான் விழும். எதிலுமே டைரக்ட்-இன்வர்ட்-டயல் (வந்த எண்ணை வைத்தே நேராக இணைக்கச் சொல்லும் கட்டளை) இல்லை, அதனால் ரவுட்டர் டோன் கொடுத்துவிட்டு இலக்கத்துக்காகக் காத்திருக்கிறது.

உள்வரவுக்கென்று தனி பியர் வைப்பதுதான் சுத்தம். டயல்-பியர் 100 பாட்ஸ், "இன்கமிங் கால்டு-நம்பர் ." (ஒரே ஒரு புள்ளி), "டைரக்ட்-இன்வர்ட்-டயல்". முதல் அளவுகோலிலேயே பொருந்துவதால் மற்றவை குறுக்கே வராது.

சேவை நிறுவனம் 8 இலக்கம் அனுப்புகிறதா 4-ஆ என்பதையும் க்யூ931-இல் பாருங்க. 8 என்றால் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வைக்கும் டிரான்ஸ்லேஷன்-ரூல் (எண்ணை மாற்றும் விதி):

ரூல் 1 /^....\(....\)$/ /\1/

"டெஸ்ட் வாய்ஸ் டிரான்ஸ்லேஷன்-ரூல் 1 00003012" என்று அடித்து 3012 வருகிறதா பார்த்த பிறகே புரொஃபைல் வழியாகப் பியரில் மாட்டுங்க.

பிணையன்

மொபைலும் டிஐடி-யும் சரியாகிவிட்டன, இருவருக்கும் நன்றி. உள்வரும் அழைப்பு பியர் 20-இல்தான் விழுந்துகொண்டிருந்தது. 41 இப்போது 11 இலக்கம் அனுப்புகிறது. அந்த அரை நிமிட மௌனம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கம்பிவடம்

அது சிப் டைமர். யுடிபியில் பதில் வராத இன்வைட் (அழைப்புக் கோரிக்கை) 500 மில்லிவிநாடி, 1, 2, 4 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மறுபடி போகும்; மொத்தம் 32 விநாடி. சிப்-யுஏ-வில் "ரீட்ரை இன்வைட் 2" போட்டால் நான்கு விநாடிக்குள் 41-க்கு இறங்கிவிடும். பியர் 40-இல் "வாய்ஸ்-கிளாஸ் சிப் ஆப்ஷன்ஸ்-கீப்அலைவ்" (எதிர்முனை பதில் தருகிறதா என்று அவ்வப்போது கேட்பது) சேர்த்தால் இணைப்பு செத்ததும் பியரே பிஸிஅவுட் ஆகும் (பயன்பாட்டிலிருந்து விலகும்), அதன்பின் அந்தக் காத்திருப்பும் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கவே சில நிமிடம் ஆகும், ஆகவே இரண்டுமே தேவை.

பியர் 40-ஐ ஷட் செய்து சோதிக்காதீங்க. அதில் டைமர் வேலைக்கே வராது. கோவை ரவுட்டரின் வான் இன்டர்ஃபேஸில், உள்வரும் திசையில், யுடிபி 5060-ஐ (சிப் வரும் போர்ட்) மட்டும் தடுத்து மற்றதை அனுமதிக்கும் ஆக்சஸ்-லிஸ்ட் போடுங்க. கூடவே "நோ ஐபி அன்ரீச்சபிள்ஸ்". இல்லாவிட்டால் 'சேர முடியவில்லை' என்ற ஐசிஎம்பி பதில் திரும்பி வந்து உண்மையான முறிவு மாதிரி இருக்காது. சென்னையில் வெளிச்செல்லும் திசையில் போட்டுப் பயனில்லை, ரவுட்டர் தானே உருவாக்கும் பாக்கெட்டை அந்த லிஸ்ட் தொடாது. அலுவலக நேரத்துக்குப் பிறகு செய்யுங்க, கிளைகளுக்கு இடையே புதிய அழைப்பு எதுவும் எம்பிஎல்எஸ் வழியே போகாது.