செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் பழைய ஆம்னி ஸ்டார்ட் ஆகவில்லை

மண்டபம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டின் மாருதி ஆம்னி வேன், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்தது. எங்கள் கருவாட்டுக் கடைக்காக மண்டபத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. நிற்குமிடம் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். பத்து நாட்களாகச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டார்) சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். தீப்பொறி போடும் மூன்று பிளக்குகளையும், பிறகு அவற்றுக்கு உயர் வோல்ட் கரண்ட் கொடுக்கும் காயிலையும் மாற்றினார். பலன் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலில் நனைந்திருக்கிறது. தீப்பொறி ஒருமுறை தெரிந்தது, மறுமுறை தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நெடுநேரம் சுற்றிவிட்டுச் சாவியை விடும் அந்தக் கணத்தில் மட்டும் எஞ்சின் ஒருமுறை உறுமி அடங்குகிறது. அடுத்ததாக எதைப் பார்ப்பது?

தேவிபட்டினத்தான்:

என் வண்டியில் இதேபோல் வந்தபோது பெட்ரோல் பம்பின் டயாப்ரம் என்ற சவ்வு கிழிந்திருந்தது. பம்பை மாற்றிப் பாருங்கள். அவசரமென்றால் கார்புரேட்டர் வாயில் சிறிது பெட்ரோல் ஊற்றிச் சுற்றலாம், பிடித்துவிடும்.

கீழக்கரை ஒர்க்‌ஷாப்:

தேவிபட்டினத்து அண்ணன் சொன்ன இரண்டாவது யோசனையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கையின் அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கிவைத்துக்கொண்டு பெட்ரோல் ஊற்றினால், எஞ்சின் பேக்ஃபயர் ஆகி கார்புரேட்டர் வழியே திருப்பி அடிக்கும்போது தீ நேராக வண்டிக்குள்ளேயே வரும். பம்பு பற்றியும் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் பிளக் நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் சிலிண்டர் வரை வந்து, எரியாமல் தங்கியிருக்கிறது என்றுதான் பொருள்.

சாவியை விடும்போது உறுமுகிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. சாவிக்கு ‘ஆன்’ ஒரு நிலை, ‘ஸ்டார்ட்’ இன்னொரு நிலை. காயிலுக்கு இரண்டு நிலைகளிலும் கரண்ட் போக வேண்டும். சுவிட்சுக்குள் ‘ஸ்டார்ட்’ நிலைக்குரிய கான்டாக்ட் கெட்டுவிட்டால், செல்ஃப் சுற்றும் நேரம் முழுவதும் காயில் பட்டினி கிடக்கும். கையை எடுத்ததும் சாவி ‘ஆன்’ நிலைக்குத் திரும்புகிறது, காயிலுக்குக் கரண்ட் வருகிறது, எஞ்சின் இன்னும் அரைச்சுற்று ஓட்டத்தில் இருப்பதால் ஒரே ஒரு தீப்பொறி விழுகிறது. நீங்கள் பார்த்ததும் அந்த ஒற்றைப் பொறியாகவே இருக்கலாம்.

ஊகத்தின் பேரில் இன்னொரு பாகத்தை வாங்காமல் முதலில் அளந்து பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையைக் காயிலின் பாசிட்டிவிலும் வைத்து, சாவி ‘ஆன்’ நிலையில் எவ்வளவு, செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்கும். செல்ஃப் இழுக்கும்போது 10 வரை இறங்குவது இயல்பு. காயிலிலும் ஏறத்தாழ அதே அளவு தெரிய வேண்டும். அடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் எர்த் பட்டை சரியில்லை. நம் பக்கத்து உப்புக்காற்றில் இது வராத வண்டியை நான் பார்த்ததில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃபைச் சுற்றாதீர்கள்.

தொண்டிக்காரன்:

மழைக்காலத்தில், பொறிக்கான கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் கோத்தாலும் பொறி இப்படி வந்து வந்து போகும். மூடியைக் கழற்றும்போது உள்ளே பென்சில் கோடு போன்ற கரித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது மூடிக்குள் இருக்கும் ரோட்டார் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்பினால், அதற்குச் சுழற்சி தரும் டைமிங் பெல்ட் அறுந்திருக்குமோ என்ற கவலை வேண்டாம்.

மண்டபம்வாசி:

அளந்துவிட்டேன். ரோட்டார் திரும்புகிறது, மூடி சுத்தமாக இருக்கிறது. எஞ்சினுக்கும் நெகட்டிவுக்கும் இடையே 1.2 வோல்ட் காட்டியது. பட்டையைக் கழற்றினால் பாடியில் முடுக்கிய முனை முழுவதும் பச்சைக் களிம்பு. தேய்த்து, போல்ட்டை மாற்றி இறுக்கியபின் 0.2க்கு இறங்கியது, செல்ஃப் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை. காயிலில் ‘ஆன்’ நிலையில் 12.2, சுற்றும்போது 4 வோல்ட்தான். அந்த நேரத்தில் பேட்டரியில் 10.3 இருக்கிறது.

கீழக்கரை ஒர்க்‌ஷாப்:

அப்படியானால் சுவிட்சேதான். உறுதி செய்துகொள்ள, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு வயரைக் காயில் பாசிட்டிவில் தொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிடித்தால் சந்தேகம் தீர்ந்தது. உடனே வயரை எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப்பக்கம் ‘டைரக்ட் லைன்’ என்று இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது, நின்றாலும் காயில் சூடேறி வேகும். முன்பு மாட்டிய காயில் வீண் செலவுதான். பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

முயல்வதற்கு முன் நனைந்த பிளக்குகளைக் கழற்றி உலரவிடுங்கள். அவை வெளியே இருக்கும்போது செல்ஃபைச் சுற்றாதீர்கள், பெட்ரோல் ஆவி வண்டிக்குள் பீய்ச்சும். மாட்டியபின் சோக்கை இழுக்காமல், ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தபடி சுற்றினால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

மண்டபம்வாசி:

வயர் வைத்ததும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சாவித் தொகுதியின் பின்னால் உள்ள கான்டாக்ட் பகுதி மட்டும் தனியாகக் கிடைத்தது. பழையதைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு பித்தளை நாக்கு கருகித் தேய்ந்திருந்தது. மாற்றியபின் சுற்றும்போது காயிலில் 10.1 வோல்ட். இன்று காலை பரமக்குடி வரை போய்த் திரும்பிவிட்டேன். எர்த் பட்டை முனையில் கிரீஸ் தடவலாமா, வேறு ஏதாவது பூச வேண்டுமா?

கீழக்கரை ஒர்க்‌ஷாப்:

முதலில் இரும்போடு இரும்பு படும்படி இறுக்கிவிட்டு, அதன்பின் மேலே பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். கச்சான் காற்று (மேல்காற்று) தொடங்கும் முன் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.