எட்டாம் ஹென்றி உங்களுக்கு எங்கே தட்டுப்பட்டார்?

யார்க்வாசி:
எட்டாம் ஹென்றி என்றாலே ஆறு பெண்டாட்டிக் கதையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்த இழை. அரண்மனையும் கிரீடமும் வேண்டாம். அவரும் அவர் பிள்ளைகளும் போட்ட உத்தரவு சாதாரண ஜனங்களின் கோயிலுக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த தடயம் எதையாவது நீங்கள் நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

என்னுடையது ரீவோ. வடக்கு யார்க்‌ஷயரில், மரம் அடர்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம். கூரை கிடையாது, தூணும் வளைவும்தான் நிற்கின்றன. பார்த்தவுடன் மழையும் காற்றும் தின்ற இடிபாடு என்றுதான் தோன்றும். ஆனால் அது ஆள் வைத்துப் பிரித்தது. 1534இல் ஹென்றி போப்பை ஒதுக்கிவிட்டுத் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவராக்கிச் சட்டம் கொண்டுவந்தார். 1536 முதல் 1540க்குள் சுமார் 800 மடங்களை மூடினார்கள். ரீவோவின் முறை 1538 டிசம்பரில் வந்தது. கட்டடமும் நிலமும் ரட்லண்ட் பிரபுவுக்கு, கூரை ஈயம் ராஜாவுக்கு. ஈயத்தை அங்கேயே உருக்கிப் பாளமாக வார்த்தார்கள்.

அதில் சில பாளங்கள் இடிந்து விழுந்த கற்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நாலு நூற்றாண்டு அப்படியே கிடந்திருக்கின்றன. 1920களில் இடிபாட்டை அகற்றியபோதுதான் வெளியே வந்தன. அங்குள்ள சின்ன அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்க்கலாம். மேலே கிரீடமும் ரோஜாவும் குத்திய முத்திரை. ரேஷன் மூட்டையில் சர்க்கார் முத்திரை இருக்குமே, அந்த மாதிரி. கண்டெடுத்த ஈயத்தை யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் 'ஐந்து சகோதரிகள்' ஜன்னலைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்களாம். ராஜா பிடுங்கியது சுற்றி வளைத்துக் கோயிலுக்கே போய்ச் சேர்ந்தது.

வடக்கு ஜனங்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மடம் என்றால் ஜெபம் மட்டுமா? வழிப்போக்கனுக்குப் படுக்கையும் ஏழைக்குச் சோறும் அங்கேதான். 1536இல் ராபர்ட் ஆஸ்க் என்ற வக்கீலின் பின்னால் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மன்னிப்பும் உண்டு, யார்க்கில் பாராளுமன்றமும் கூடும் என்று ராஜா தரப்பில் வாக்குக் கொடுத்தார்கள். அதை நம்பிக் கூட்டம் கலைந்தது. அடுத்த வருஷம் ஆஸ்க்கை யார்க் கோட்டையில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அந்தக் கோட்டையின் கோபுரமான கிளிஃபர்ட்ஸ் டவர் படியேறி ஃபோட்டோ எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

கல்லாப்பெட்டி:
நமக்கு மடமெல்லாம் தெரியாதுங்க. பெட்ரோல் பங்க் கடையில் ராத்திரி ஷிஃப்ட். சில்லறை எண்ணும்போது ஒரு பவுண்டு நாணயத்தை உற்றுப் பாருங்கள். ராஜா தலையைச் சுற்றி எழுதியிருப்பதில் 'எஃப் டி' என்று இரண்டு எழுத்து வரும். 'விசுவாசத்தின் பாதுகாவலர்' என்று பொருள்படும் லத்தீன் பட்டத்தின் சுருக்கம் அது. கொடுத்தது யார் தெரியுமா? போப்பாண்டவர்! போப்பை எதிர்த்துக் கிளம்பிய லூத்தரைக் கண்டித்து ஹென்றி ஒரு புத்தகம் எழுதினார் என்று 1521இல் பத்தாம் லியோ கொடுத்தது. பிறகு ரோமோடு சண்டை வந்ததும் அங்கே பட்டத்தைப் பறித்தார்கள். இவர் விடுவாரா? தன் பாராளுமன்றத்தை வைத்தே திரும்ப எடுத்துக்கொண்டார். கத்தோலிக்க மதத்தைக் காத்ததற்குக் கிடைத்த பட்டத்தை ப்ராட்டஸ்டன்ட் ராஜா ராணிகள் இன்னும் சுமக்கிறார்கள். 1849இல் ஒரு ஃப்ளோரின் நாணயத்தில் இதையும் 'கடவுள் அருளால்' என்பதையும் விட்டுவிட்டதற்கு ஊரே கொதித்துப்போய், 'கடவுள் இல்லாத ஃப்ளோரின்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஏவன்கரை:
@யார்க்வாசி அண்ணா, ஈயம் போன கதை சரி. உள்ளூர்க் கோயில்களில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வருகிறவர்கள் நேரே ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நடந்தால் கில்ட் சேப்பல் என்ற சிறு கோயில் இருக்கிறது. உறவினர்கள் யார் வந்தாலும் நான் அங்கேதான் கூட்டிப்போவேன், அவர்கள் முனகினாலும்.

உள்ளே நுழைந்து நிமிர்ந்தால், பீடத்துக்கு முன்னால் உள்ள பெரிய வளைவுக்கு மேலே நியாயத்தீர்ப்பு நாள் ஓவியம். மங்கிய சிவப்பும் காவியும். கண் பழகப் பழக, கல்லறையிலிருந்து எழும் உடம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு இதுதான் வேதபாடம். ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில் இந்த மாதிரிப் படங்களை அகற்ற உத்தரவு வந்தது. பிறகு ஹென்றியின் மூத்த மகள், கத்தோலிக்கரான மேரி ராணி வந்ததும் பழைய வழிபாடு திரும்பியது. 1559இல் இளைய மகள் எலிசபெத் மறுபடி அகற்றச் சொன்னார். ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர்கள் அவசரப்படவே இல்லை. 1563-64 நகரக் கணக்கில்தான் சேப்பலில் உருவங்களைச் சிதைத்ததற்கு 2 ஷில்லிங் என்று ஒரு செலவு வரி வருகிறது. அப்போது நகரத்தின் கணக்கைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர், வில்லியமின் அப்பா.

வளைவு ஓவியத்தைச் சுரண்டவில்லை, சுண்ணாம்பு அடித்து மூடினார்கள். 1804இல் அது மறுபடி வெளியே வந்தது. வேண்டுமென்றுதான் சுண்ணாம்போடு நிறுத்தினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படி நம்பத்தான் பிடிக்கும். பதினைந்து வருஷத்துக்குள் இத்தனை முறை மாறிய உத்தரவு அடுத்த ராஜா வந்தால் இன்னொரு முறை மாறாது என்று எவன் கண்டான்?

கறுப்புக்கோட்டு:
நான் இங்கிலாந்து போனதே இல்லை. ஹென்றியை மதுரையில் வைத்துச் சந்தித்தேன். 2018 செப்டம்பரில், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது சீனியருக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே போனால் 1533ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டத்தில் போய் நிற்கிறது. அதுவரை ஆணும் ஆணும் கூடுவது சர்ச் நீதிமன்றம் விசாரிக்கிற பாவம். ஹென்றி அதை அரச நீதிமன்றம் விசாரிக்கிற குற்றமாக்கினார். தண்டனை தூக்கு, சொத்தும் பறிபோகும். எல்லாம் சர்ச்சின் அதிகாரத்தைத் தன் பக்கம் இழுத்த அதே வேலையின் ஒரு துண்டு. பிற்பாடு மெக்காலே வழியாக 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குள் இந்தக் குற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோமோடு ஒரு ராஜா போட்ட சண்டைக்கு நம் ஊர்ப் பையன்கள் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொன்னார்கள். கோபம் வராமல் எப்படி இருக்கும்?

சைக்கிள்பாதை:
எல்லோரும் ஹென்றியையே பிடித்துக்கொண்டால் எப்படி? ஆக்ஸ்ஃபோர்டில் பிராட் ஸ்ட்ரீட் நடுவே, தார் ரோட்டில் கூழாங்கல் பதித்த ஒரு சிலுவை இருக்கிறது. அதன் மேல்தான் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவோம். மேரி ராணி லாட்டிமர், ரிட்லி என்ற இரண்டு ப்ராட்டஸ்டன்ட் பிஷப்புகளை 1555இல் எரித்த இடம். மறு வருஷம் பேராயர் கிரான்மர். உயிருக்குப் பயந்து கொள்கையை மறுத்துக் கையெழுத்துப் போட்டவர், கடைசியில் அந்தக் கையைத்தான் முதலில் நெருப்பில் நீட்டினார். மேரியின் ஐந்தாண்டு ஆட்சியில் சுமார் 280 பேர் இப்படிப் போனார்கள்.

யார்க்வாசி:
@சைக்கிள்பாதை உண்மைதான். ஆனால் எலிசபெத் நல்லவர் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம். 1581இல் அதை மாதத்துக்கு 20 பவுண்டாக ஏற்றினார்கள், அதாவது கத்தோலிக்கர்களைச் சொத்தை விற்க வைக்கிற தொகை. 1585 முதல் கத்தோலிக்கப் பாதிரியாருக்கு வீட்டில் இடம் கொடுத்தாலே மரண தண்டனை. எங்கள் ஊர் கசாப்புக்காரர் மனைவி மார்கரெட் கிளிதரோ அதில்தான் மாட்டினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வாயைத் திறந்தால் விசாரணை நடக்கும், பெற்ற பிள்ளைகளையே சாட்சிக்கு இழுப்பார்கள். வாயே திறக்காதவர்களுக்கு அன்றைய சட்டம் வைத்திருந்த வழி, பாரம் ஏற்றி நசுக்குவது. 1586 பெரிய வெள்ளிக்கிழமை அன்று அவர் வீட்டுக் கதவையே மேலே போட்டு, அதன்மேல் கல்லை அடுக்கினார்கள்.

அவருடையது என்று சொல்லும் ஒரு கை இங்கே பார் கான்வென்ட்டில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஷேம்பிள்ஸ் தெருவில் அவர் பெயரில் ஒரு வீட்டை வழிபாட்டிடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் குடியிருந்தது எதிர்வரிசையில் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். யார்க் வருகிறவர்கள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போங்கள்.