சிசிஎன்ஏ வகுப்பெடுக்க சிசிஎன்பி கட்டாயமா?

மதுரையில் ஒரு தனியார் மையத்தில் சிசிஎன்ஏ 200-301 (சிஸ்கோவின் தொடக்கநிலை நெட்வொர்க்கிங் சான்றிதழ்) வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் இருப்பதும் சிசிஎன்ஏ மட்டும்தான், அது வரும் மார்ச்சில் காலாவதியாகிறது. அதற்குள் அடுத்த படியான சிசிஎன்பி முடிக்காதவர்களுக்கு மாலை பேட்ச் கிடையாது என்று நிர்வாகம் திடீரென்று சொல்லிவிட்டது. செலவு நம்முடையதாம்.

சிசிஎன்பிக்கு இரண்டு தேர்வுகள்: முதன்மைத் தேர்வான என்கோர் 350-401க்கு 400 டாலர், அதன்மேல் விருப்பத் தேர்வான எனார்சி 300-410க்கு 300 டாலர், வரி தனி. பாதியாவது கொடுங்கள் என்று கேட்டேன், தேறிய பிறகு பார்க்கலாம் என்றார்கள் (அந்தப் 'பார்க்கலாம்' பற்றி உங்களுக்கே தெரியும்). சரி, நாமே படிப்போம் என்று ஈவ்-என்ஜி (கணினிக்குள்ளேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் மென்பொருள்) போட்டேன், 8 ஜிபி ராம் லேப்டாப் நாலைந்து ரவுட்டர் ஏற்றியதுமே திணறுகிறது. பிஜிபி (பெரிய நெட்வொர்க்குகளுக்கிடையே வழி காட்டும் நெறிமுறை) பாடங்களுக்கு, சிஸ்கோவின் எளிய பயிற்சி மென்பொருளான பேக்கெட் டிரேசர் போதவில்லை. அனுபவச் சான்றிதழும் மாணவர்களின் தேர்ச்சி விவரமும் காட்டிப் பார்த்தேன், எடுபடவில்லை.

என் வகுப்பில் பையன்கள் மாட்டிக்கொள்வது சப்நெட்டிங்கில் (ஐபி முகவரிகளைச் சிறு பிரிவுகளாக்குவது), அப்புறம் டிரங்க்கின் (பல விலான்களை, அதாவது பிரிக்கப்பட்ட உள்நெட்வொர்க்குகளை, சுமக்கும் சுவிட்ச் இணைப்பு) ஒரு முனையில் நேட்டிவ் விலான் (குறியிடாத தரவு போகும் விலான்) 99, மறுமுனையில் 1 என்று விட்டுவிட்டு, பிங் ஏன் போகவில்லை என்று கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதில். இதைச் சொல்லிக்கொடுக்க, சிசிஎன்பியில் வரும் எஸ்டி-வான் (தொலைதூரக் கிளைகளை மென்பொருளால் இணைக்கும் முறை) எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என்கோர் மட்டும் தேறினாலே சிசிஎன்ஏ புதுப்பிக்கப்பட்டுவிடும், ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழும் கையில் வரும். நெட்வொர்க்கிங் பயிற்றுநர்களாக இருப்பவர்களே, உங்கள் மையங்களில் அதை ஏற்றுக்கொள்கிறார்களா, இல்லை முழு சிசிஎன்பிதான் கேட்கிறார்களா?