புதுப்பிப்பு: 97 டிகிரி லேப்டாப் இப்போது எப்படி இருக்கிறது
போன வாரம், வீடியோ எடிட் செய்யும்போது லேப்டாப் 97 டிகிரி வரை போய் இழுவை இழுக்கிறது என்று புலம்பியிருந்தேன். சிலர் கூலிங் பேட் (லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் பலகை) வாங்கச் சொன்னீர்கள். நண்பனிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன், மூன்று டிகிரிதான் குறைந்தது.

அப்புறம் பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி தூசிப் படலம்! காற்று எப்படி வெளியே போகும்? ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பிராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது; அதைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தேன்.

இப்போது வெப்பநிலை காட்டும் கோர் டெம்ப் மென்பொருளில் அதே வேலைக்கு 81, சும்மா இருக்கும்போது 46. விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசசர் உச்சவரம்பை 99 சதவீதமாக்கியதும் டர்போ (பிராசசர் தானாக வேகம் கூட்டிக்கொள்வது) நின்று 72க்கு இறங்கியது. ஆனால் ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக்குவது) மெதுவாகிறது, அதனால் வெயில் நேரத்தில் மட்டும். மெத்தையில் வைத்து வேலை செய்யும் பழக்கத்தையும் விட்டாயிற்று. அதுதான் கஷ்டமாக இருந்தது.