சிங்கப்பூரில் பொதுச் சுகாதார வேலை: திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், வழி சொல்லுங்கள்

செங்காங்_புதுவரவு
எல்லாருக்கும் வணக்கம். கணவர் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து இன்னும் அரை வருடம்கூட ஆகவில்லை. ஊரில் பொதுச் சுகாதாரத்தில் இருந்தேன். கிராமம் கிராமமாகப் போய், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவர்களைக் கண்டுபிடித்து, மாத்திரை விடாமல் கிடைக்கிறதா என்று பார்க்கும் வேலை. இங்கே இப்போது ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சம்பளம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஃபோன் செய்து ஆட்களைச் சேர்ப்பது, படிவம் நிரப்புவது, இதுதான் வேலை. கணவர் "முதலில் உள்ளே போ" என்கிறார். அப்பா "லீவு முடியப்போகிறது, வந்து பழைய வேலையில் சேர்" என்கிறார். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இங்கே தெருவெல்லாம் சுத்தம், பக்கத்திலேயே பாலிகிளினிக். என்னை மாதிரி ஆளுக்கு இந்த ஊரில் என்ன தேவை இருக்கிறது என்றே புரியவில்லை. சேரலாமா, வேண்டாமா?

ஈசூன்_அக்கா
தங்கச்சி, பயப்படாதே. முதல் வருடம் எல்லாருக்கும் அப்படித்தான். நான் நர்ஸாக வந்தபோது வார்டில் பாதிப் பேர் ஹொக்கியன் பேசும் பாட்டிகள். "வலிக்கிறதா" என்று கேட்கக்கூட வார்த்தை தெரியாது. நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வருவேன். மெல்ல மெல்லப் பழகியது. நீ முதலில் தாதியர் வாரியத்தில் பதிவு செய்கிற வேலையைப் பார். சான்றிதழ்களை ஊரிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்வார்கள், அதற்கே மாதக்கணக்கு ஆகும். பதிவு வந்துவிட்டால் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

ஜூரோங்_முத்து
அக்கா, அவங்க நர்ஸ் என்று எங்கே சொன்னாங்க? சகோதரி, நீங்கள் டிபி என்றால், அதாவது கணவரின் பாஸைச் சார்ந்து தங்கும் அனுமதியில் இருந்தால், கவலையே வேண்டாம். கம்பெனி ஒரு அனுமதிக் கடிதம் போட்டால் போதும். என் மனைவி அப்படித்தான் ஒரு டியூஷன் சென்டரில் வேலை பார்த்தார்.

புக்கிட்_பாத்தோக்_வாசி
அண்ணா, அது பழைய கதை. 2021 மே 1 முதல் டிபி வைத்திருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் தன் பெயரிலேயே வேலை அனுமதி வாங்க வேண்டும்: இபி (அதிகச் சம்பள நிபுணர்களுக்கு), எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளர்களுக்கு), இல்லையென்றால் வொர்க் பெர்மிட். சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு மட்டும், சில நிபந்தனைகளோடு, அந்தக் கடிதம் உண்டு. இதை நம்பி யாராவது வேலையில் சேர்ந்தால் சட்டச் சிக்கல். தயவுசெய்து மனிதவள அமைச்சின் பக்கத்தைப் பாருங்கள்.

கிளமெண்டி_மாணவன்
நேரடியாகச் சொல்கிறேன், இந்த வேலை வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சா சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளி இருக்கிறது, 2011ல் தொடங்கியது. அங்கே எம்பிஎச், அதாவது பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம், முடியுங்கள். முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம்தான். உள்ளூர்ப் பட்டமும் உள்ளூர்ப் பேராசிரியர்களின் பரிந்துரையும் இல்லாமல் இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

உட்லண்ட்ஸ்_அம்மா
தம்பி, அவருக்கு ஏற்கெனவே எம்பிஎச் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இன்னொன்றுக்குக் காசு கட்டச் சொல்கிறீர்களே. நான் உள்ளூர்ப் பட்டம் வாங்கியவள்தான். வேலை தேடும்போது "உள்ளூர் அனுபவம் இருக்கிறதா" என்றுதான் கேட்டார்கள். வேலையே தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

தேக்கா_குமார்
அதைச் சொல்லுங்கள்! இன்டர்வியூ முடிந்து "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்பார்கள், அதோடு சரி. வீட்டு வாடகை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஏறுகிறது. குழந்தைப் பராமரிப்பில் குடிமக்களுக்குக் கிடைக்கும் மானியம் நமக்குக் கிடையாது. ஒரு சம்பளத்தில் ஓட்டவும் முடியவில்லை, இரண்டாவது சம்பளத்துக்கு வழியும் இல்லை.

உட்லண்ட்ஸ்_அம்மா
எங்கள் வீட்டு உரிமையாளர் சமைக்கவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னார். தாளிக்கிற வாசனைக்கே அவ்வளவு பயம்.

ஜூரோங்_முத்து
எங்களுக்கும் அதே கதை. வாடகை விஷயத்துக்குத் தனி இழை போட்டுப் பேசுவோமா?

தெங்கா_தம்பி
அக்கா, சேருவதா வேண்டாமா என்பதற்கு எனக்குப் பதில் தெரியாது. "இங்கே என்ன தேவை" என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கு மட்டும் சொல்கிறேன்.

நான் கட்டுமானத் துறையில் பாதுகாப்பு அதிகாரி. வெளிநாட்டு ஊழியர்களுக்காக நடக்கும் மருத்துவ முகாம்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் மொழிபெயர்க்கப் போவேன். ஒரு முறை அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவர் வந்தார். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். மாத்திரை கொடுத்தார்களா என்று டாக்டர் கேட்டதும் சட்டைப்பையிலிருந்து மடித்த ஜிப் கவரை எடுத்தார். மாத்திரையில் பாதிகூடக் குறையவில்லை. மேலே ஆங்கிலத்தில் "தினமும் காலை ஒன்று" என்று ஒட்டியிருக்கிறது. அவர் தலை வலிக்கிற அன்று மட்டும் போட்டிருக்கிறார். யாரும் அவரிடம் பொய் சொல்லவில்லை, யாரும் மருந்து மறுக்கவில்லை. இது வாழ்நாள் மருந்து என்று தமிழில் சொல்ல மட்டும் அங்கே ஆள் இல்லை.

2020 ஏப்ரலில் தங்கும் விடுதிகளில் கொரோனா பரவியபோது ஊரே இந்த அண்ணன்மாரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு 2022ல் அவர்களுக்கென்று அடிப்படை மருத்துவத் திட்டமே வந்தது. ஆனால் திட்டம் இருப்பது வேறு, அந்த அண்ணன் காலையில் மாத்திரையைப் போடுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்க ஆள் வேண்டும். நீங்கள் ஊரில் செய்தது அந்த வேலைதானே அக்கா?

செங்காங்_புதுவரவு
தம்பி, இதைப் படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. நன்றி. முதலிலேயே சொல்லாமல் விட்டதற்கு எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள். என் படிப்பு பிடிஎஸ் (பல் மருத்துவம்), அப்புறம் எம்பிஎச். வயது 31. இப்போது டிபி. கிளினிக் வேலை வேண்டாம். வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் தமிழ்நாட்டு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாவட்ட அளவில் தரவும் களப்பயிற்சியும் பார்த்தேன். இங்கே சொல்லியிருக்கும் சம்பளம் மாதம் 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு வருட ஒப்பந்தம். எந்த பாஸ் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொத்தோங்_பாசிர்_கலா
அம்மா, நான் ஒரு நீண்டகால ஆய்வில் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளராக ஆரம்பித்தவள். இப்போதும் அதே துறைதான். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் பாஸ். 4,200 வெள்ளிக்கு இபி கிடைக்காது. 2025லிருந்து நிதித்துறை தவிர மற்றவற்றில் இபிக்குக் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி. அது இளவயதுக்காரர்களுக்கு. வயது ஏற ஏறக் கூடி, 45 வயதில் 10,700 வரை போகும். அதோடு காம்பஸ் என்ற மதிப்பீட்டு முறையில் 40 புள்ளியும் வேண்டும். ஆகவே உங்களுக்கு வரக்கூடியது எஸ் பாஸ்தான். 2025 செப்டம்பரிலிருந்து அதற்கு 3,300 வெள்ளியில் ஆரம்பித்து, வயதுக்கேற்ப 4,800 வரை. உங்கள் வயதுக்கு 4,200 போதும். ஆனால் எஸ் பாஸுக்கு ஒதுக்கீடு உண்டு. சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 10 சதவீதம்தான். எனவே நாளைக் காலையிலேயே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த பாஸுக்கு விண்ணப்பிப்பீர்கள், ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதா. எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வரத் தாமதமானால் திங்கட்கிழமைக் கெடுவைத் தள்ளி வைக்கக் கேட்பதில் தப்பே இல்லை. எஸ் பாஸ் தீர்வையை (அந்த ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் கட்டணம்) உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது சட்டப்படி முதலாளி கட்ட வேண்டியது.

இன்னொன்று. எஸ் பாஸ் வந்தால் டிபி போய்விடும். வருடம் முடிந்து ஒப்பந்தம் நீளவில்லை என்றால், கணவரின் நிறுவனம் உங்களுக்குத் திரும்ப டிபிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அவருடைய சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அப்புறம், ஐபிஏ என்ற கொள்கையளவு ஒப்புதல் கடிதம் கையில் வரும்வரை ஊர் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். லீவை நீட்டிக்கக் கேட்டுப் பாருங்கள்.

இனி, வேலை. ஃபோன் செய்து ஆள் சேர்ப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். யார் வர மறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு ஆய்வின் முடிவை நம்பலாமா என்பதே இருக்கிறது. இந்த ஊரில் சர்க்கரை நோய் இந்தியர்களிடம் அதிகம். ஆனால் வயதான தமிழ்ப் பெண்கள் பலர் ஆய்வு என்றாலே கதவைச் சாத்துவார்கள். என் அனுபவத்தில், "ரத்தம் எடுப்பாங்களா, எதுக்கு" என்று பாட்டி கேட்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வரி வரியாகச் சொல்ல ஆள் இருந்தால் அதே பாட்டி தன் தங்கையையும் கூட்டி வருவார். கிராமத்தில் வீடு வீடாக ஏறிய உங்களுக்கு இது கைவந்த கலை.

சேர்ந்தால் அந்த வருடத்தைச் சும்மா விடாதீர்கள். ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருளில் படிவம் வடிவமைப்பதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். ஜிசிபி (மருத்துவ ஆய்வு நடத்தும் முறை), சிட்டி (ஆய்வு நெறிமுறை) சான்றிதழ்களை முடித்துவிடுங்கள். ஆர் அல்லது ஸ்டேட்டா, இந்தப் புள்ளியியல் மென்பொருள்களில் ஏதாவது ஒன்றில் சொந்தமாக ஒரு அட்டவணையாவது போடத் தெரிய வேண்டும். கட்டுரையில் பெயர் வருமா என்று தயங்காமல் தலைமை ஆய்வாளரிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் தேடுவது சுலபம். தமிழ்நாட்டில் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும் உண்டு, வாசல் ஒன்றுதான். இங்கே வேலை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. டெங்குக் கொசுவைப் பார்ப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம். உணவும் உடற்பயிற்சியும் சுகாதார மேம்பாட்டு வாரியம். தொற்றுநோய்க்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய கம்யூனிகபிள் டிசீசஸ் ஏஜென்சி. முதியோர் பராமரிப்புக்கு ஏஐசி (ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு). 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற நோய்த்தடுப்புத் திட்டம் வந்த பிறகு, பொது மருத்துவமனைக் குழுமங்களான சிங்ஹெல்த், என்எச்ஜி, என்யூஎச்எஸ் மூன்றும் தங்கள் வட்டாரத்து மக்கள் நோயாளியாகும் முன்பே அவர்களைக் கவனிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. உங்கள் படிப்புக்கு அடுத்த படி அந்த மக்கள்நலப் பிரிவுகளில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

விண்ணப்பத்தில் "கிராமப்புற மக்களுக்குச் சேவை செய்தேன்" என்று எழுதாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது, மருந்து வீட்டுக்கே போனது என்று ஒரு வரி. அப்புறம் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேரைப் பதிவு செய்தீர்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், அவர்களைத் திரும்பக் கொண்டுவர என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இங்கே நேர்முகத் தேர்வில் கேட்பது அதைத்தான்.

என் முடிவு: ஒதுக்கீடு உறுதியானால் சேருங்கள்.

கிளமெண்டி_மாணவன்
கலா அக்கா சொல்வதை ஏற்கிறேன். எம்பிஎச் ஏற்கெனவே இருப்பதால் இன்னொன்று தேவையில்லை. பின்னால் முனைவர் பட்டம் யோசிக்கலாம்.

செங்காங்_புதுவரவு
கலா அக்கா, மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கணவரிடம் டிபி விஷயமும் பேசினேன். ஒரே ஒரு சந்தேகம். பாஸ் வரும்வரை தம்பி சொன்ன மாதிரி முகாம்களில் உதவப் போகலாமா?

பொத்தோங்_பாசிர்_கலா
போகலாமா என்பதை அந்த அமைப்பிடமே கேளுங்கள் அம்மா. "நான் டிபியில் இருக்கிறேன், இந்தத் தொண்டுக்கு அனுமதி ஏதும் தேவையா" என்று எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. முக்கியமாக, சேரப்போகும் இடத்திலேயே "முன்கூட்டியே வந்து சும்மா பழகிக்கொள்ளுங்கள்" என்று கூப்பிட்டால் பாஸ் வராமல் போகாதீர்கள்.

தெங்கா_தம்பி
வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகளான ஹெல்த்சர்வ், டிடபிள்யூசி2 இரண்டின் பக்கத்திலும் தொண்டூழியர் படிவம் இருக்கிறது அக்கா. எந்த மொழி தெரியும் என்று கேட்டால் தமிழை மறக்காமல் போடுங்கள்.